ஒற்றை ஸ்பிரிங்கின் கதை

பைக் ஸ்டாண்டில் வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பின்பக்கமாகக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சில வண்டிகளில் சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு ஷாக் அப்சார்பர்கள் தெரியும். சில வண்டிகளில் எதுவுமே தெரியாது. குனிந்து பார்த்தால் சீட்டுக்கு அடியில், நடுவில், ஒரே ஒரு தடித்த ஸ்பிரிங் இருக்கும். அதைத்தான் 'மோனோ ஷாக்' என்கிறார்கள்.

இரண்டு ஒன்றானதில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்த ஒன்றுக்குப் பின்னால் மூன்று தனி மனிதர்கள் இருக்கிறார்கள். மூன்று பேருமே தொடங்கும்போது எந்தப் பெரிய கம்பெனியிலும் வேலை பார்க்காதவர்கள். ஒருவர் சொந்தமாகக் கம்பெனி வைத்தார். ஒருவர் கண்டுபிடிப்பை விற்றார். ஒருவர் கோர்ட்டுக்குப் போனார்.

கேம்பிரிட்ஜ் மாணவர்

1920களில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின்பக்கத்தில் ஸ்பிரிங்கே கிடையாது. சைக்கிளைப் போல சக்கரம் நேராக ஃபிரேமில் மாட்டியிருக்கும். சீட்டுக்கு அடியில் மட்டும் ஸ்பிரிங். பின்சக்கரம் ஆடினால் வண்டி நிலை தடுமாறும் என்று அன்று பலர் உறுதியாக நம்பினார்கள்.

கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த பிலிப் வின்சென்ட் இதை நம்பவில்லை. அவர் பிறந்தது 1908இல். மாணவராக இருந்தபோதே ஒரு வண்டியைக் கட்டினார். பின்சக்கரத்தைப் பிடிக்கும் கவையை முக்கோணமாக அமைத்து, அதன் மேல் முனையில், சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்குகளை வைத்தார். 1928இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். குடும்பத்துக்கு அர்ஜென்டினாவில் பண்ணை இருந்தது, பணமும் இருந்தது. அதே 1928இல் 'எச்.ஆர்.டி.' என்ற பெயரை விலைக்கு வாங்கி, சொந்தமாக வண்டி தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வாங்க வந்தவர்களுக்குச் சந்தேகம் உடனே தீரவில்லை. அதற்கு ஒரு பந்தயம் தேவைப்பட்டது. 1935 ஐல் ஆஃப் மேன் சீனியர் டி.டி. போட்டியில், பின்பக்க ஸ்பிரிங் வைத்த மோட்டோ குஸ்ஸி வண்டியில் ஸ்டான்லி உட்ஸ் வந்தார். எதிரில் பின்பக்க ஸ்பிரிங் இல்லாத நார்ட்டனில் ஜிம்மி கத்ரி. வெறும் 4 விநாடியில் ஜெயித்தது ஸ்பிரிங் வண்டி! அதற்குப் பிறகு பின்சக்கரம் ஆடக்கூடாது என்ற வாதம் எடுபடவில்லை.

வின்சென்ட் வண்டிகளில் பல வருடம் சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங் பெட்டிகள் அருகருகே இருந்தன. 1954இல் வந்த 'சீரீஸ் டி' வண்டியில்தான் அது ஒரே ஸ்பிரிங்-டேம்பராக ஆனது. ஆனால் 1955இலேயே கம்பெனி மோட்டார் சைக்கிள் தயாரிப்பை நிறுத்திவிட்டது. யோசனையும் அதோடு தூங்கிப்போனது.

இரட்டை ஷாக்கின் காலம்

உலகம் வேறு வழியில் போனது. ஸ்விங் ஆர்ம் எனப்படும் பின்கவை, அதன் இரு பக்கமும் நெட்டுக்குத்தாக இரண்டு ஷாக். பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லஸ் வடிவமைத்த நார்ட்டன் 'ஃபெதர்பெட்' ஃபிரேம் 1950 டி.டி.யில் கலக்கியதும் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். 1949லேயே ராயல் என்ஃபீல்டு புல்லட்டிலும் இது வந்துவிட்டது. 1955 முதல் சென்னையில் தயாரான புல்லட்டின் பின்னால் நின்றதும் அதே ஜோடிதான்.

மலிவு, சுலபம், கழற்றி மாட்ட ஐந்து நிமிடம். ரோட்டில் ஓட்டுவதற்கு இது தாராளமாகப் போதும். குறை தெரிந்தது மோட்டோகிராஸில். மேடு பள்ளத்தில் பறந்து விழும் வண்டிக்குப் பின்சக்கரம் 100 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் ஏறி இறங்கியது. வண்டி குதிரை மாதிரி பின்னங்காலைத் தூக்கி உதைத்தது.

பெல்ஜியத்து அப்பா

லூசியன் டில்கன்ஸ் பெல்ஜியத்தில் இயந்திரவியல் பாடம் நடத்திய ஆசிரியர். மகன் மோட்டோகிராஸ் ஓட்டுபவன். வண்டி மகனைத் தூக்கிப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, 1970களின் தொடக்கத்தில் வண்டியின் பின்பக்கத்தையே மாற்றிக் கட்டினார். பக்கத்து ஷாக் இரண்டும் போயின. ஸ்விங் ஆர்மின் மேல் முக்கோணமாக ஒரு சட்டம் வந்தது. அதன் உச்சியிலிருந்து ஒரே ஒரு நீண்ட ஷாக், பெட்ரோல் டேங்குக்கு அடியில் படுத்தவாக்கில் முன்னால் நீண்டது.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

பழைய முறையில் ஷாக் சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும். சக்கரம் எவ்வளவு ஏறுகிறதோ ஷாக்கும் ஏறக்குறைய அவ்வளவு அமுங்க வேண்டும். ஷாக்கின் நீளம்தான் சக்கரத்தின் எல்லை. புதிய முறையில் ஸ்விங் ஆர்ம் ஒரு நெம்புகோல். சக்கரம் 200 மில்லிமீட்டர் ஏறினால் ஷாக் 100 அமுங்கினால் போதும் என்று அமைக்கலாம்.

ஆனால் நெம்புகோல் எதையும் இலவசமாகத் தருவதில்லை. தூரம் பாதியானால் விசை இரு மடங்கு. சக்கரத்தில் 100 கிலோ பாரம் வந்தால் ஷாக்கில் 200 கிலோ. அந்த இரு மடங்கு விசையைப் பாதித் தூரத்துக்குள் தாங்க ஸ்பிரிங் 4 மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். முன்பு 100 கிலோவை இரண்டு ஷாக்குகள் 50, 50 என்று பங்கு போட்டன. இப்போது ஒரே மவுண்ட்டில் 200. அதாவது பழைய மவுண்ட் ஒன்று தாங்கியதைப் போல 4 மடங்கு!

அதனால்தான் அந்த மவுண்ட்டை எங்கே வெல்டிங் செய்வது என்பதுதான் முழு வித்தை. சும்மா ஒரு குழாயின் நடுவில் ஒட்டினால் குழாய் வளைந்துவிடும். ஃபிரேமில் பல குழாய்கள் ஒன்றுசேரும் இடம் வேண்டும். அப்படிப்பட்ட பலமான இடம் முன்னால் கோன் செட் உட்காரும் கழுத்துப் பகுதி. ஷாக்கின் முன்முனை அந்தப் பக்கம் போனது இதனால்தான்.

இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு ஷாக்குகள் எப்போதும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று கொஞ்சம் தளர்ந்தால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும். நடுவில் ஒன்றே இருந்தால் அந்தச் சண்டையே இல்லை.

வேண்டாம் என்றவர்களும் வாங்கியவர்களும்

டில்கன்ஸ் முதலில் போனது சுசூகியிடம். அப்போது அந்தக் கம்பெனிக்கு ஓட்டிக்கொண்டிருந்த பெல்ஜிய வீரர் ரோஜர் டி காஸ்டர் வண்டியைச் சோதித்துப் பார்த்தார். ஆனால் கம்பெனி ஆர்வம் காட்டவில்லை. அடுத்து வந்தது யமஹா. பார்த்தது, உரிமையை வாங்கியது.

1973இல் ஸ்வீடன் வீரர் ஹாகன் ஆண்டர்சன் அந்த ஒற்றை ஷாக் யமஹாவில் 250 சிசி உலக மோட்டோகிராஸ் பட்டத்தை வென்றார். யமஹாவுக்கு மோட்டோகிராஸில் அதுதான் முதல் உலகப் பட்டம். 1975 மாடல் ஒய்இசட் வண்டிகளில் அது கடைக்கே வந்தது. பெயர் 'மோனோகிராஸ்'.

மற்ற கம்பெனிகளின் வண்டி வைத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1974இல் ஜெர்மனியின் மைகோ அணி தன் இரட்டை ஷாக்குகளை முன்னால் தள்ளிச் சாய்த்து வைத்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் ஹாக்சாவை எடுத்தார்கள். பழைய மவுண்ட்டை அறுத்து முன்னால் தள்ளிப் பற்றவைத்தார்கள். கணக்குப் போடாமல் செய்தவர்களின் ஃபிரேம் விரிசல் விட்டது. அந்த 4 மடங்கு யாரையும் மன்னிப்பதில்லை.

மூன்றாமவர்

யமஹாவின் முறையிலும் குறை இருந்தது. டேங்குக்கு அடியில், எஞ்சினுக்கு மேலே படுத்திருந்த ஷாக் சூடேறியது. சூடேறினால் உள்ளே ஆயில் நீர்த்து அதன் பிடி குறையும். கனமும் உயரத்தில் இருந்தது. இதற்கு விடைதான் லிங்கேஜ். ஷாக்கை எஞ்சினுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்து, சிறு நெம்புகோல்கள் வழியாக ஸ்விங் ஆர்மோடு இணைப்பது. சின்னப் பள்ளத்துக்கு மெதுவாகவும், பெரிய இடிக்கு விறைப்பாகவும் வேலை செய்யும். 1980இல் கவாசாகி 'யூனி-டிராக்', 1981இல் ஹோண்டா 'ப்ரோ-லிங்க்', சுசூகி 'ஃபுல் ஃப்ளோட்டர்' என வரிசையாக வந்தன.

இதில் ஃபுல் ஃப்ளோட்டரின் கதைதான் காமர்ஸ் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவைச் சேர்ந்த டொனால்டு ரிச்சர்ட்சன் என்பவர் இப்படி ஒரு சஸ்பென்ஷனுக்கு 1975லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். 1978இல் சுசூகியோடு ஒப்பந்தம் போட்டு, தன் தொழில்நுட்ப விவரங்களைக் கொடுத்தார். பிறகு கம்பெனி அவருடைய உரிமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஃபுல் ஃப்ளோட்டர் சந்தைக்கு வந்தது. ரிச்சர்ட்சன் வழக்குப் போட்டார். காப்புரிமை மீறப்பட்டது, தொழில் ரகசியம் தவறாகப் பயன்படுத்தப்பட்டது என ஜூரி முடிவு செய்தது. 1989இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் முக்கியமான விஷயங்களில் அவர் பக்கமே நின்றது. வண்டி கடைக்கு வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

கடைசியாக ஒரு கணக்கு

2004இல் ஹோண்டா யுனிகார்ன், 2008இல் யமஹா ஆர்15 என்று இந்திய ரோடுகளிலும் ஒற்றை ஷாக் சகஜமானது. இரட்டை ஷாக் புல்லட்டைக் கட்டிய ராயல் என்ஃபீல்டே 2016இல் ஹிமாலயனுக்கு மோனோ ஷாக் வைத்தது.

இதில் எந்த வண்டியிலும் டில்கன்ஸ் பெயர் இல்லை. ரிச்சர்ட்சன் பெயரும் இல்லை. மூன்று பேரும் கண்டுபிடித்தது ஏறக்குறைய ஒரே விஷயம். வித்தியாசம் வெல்டிங்கில் இல்லை, அதற்குப் பிறகு நடந்ததில். வின்சென்ட்டுக்குக் குடும்பப் பணம் இருந்தது. டில்கன்ஸ் ஒரு கதவு மூடியதும் அடுத்த கதவைத் தட்டினார். ரிச்சர்ட்சனைக் காப்பாற்றியது முன்கூட்டியே வாங்கி வைத்த காப்புரிமையும் கையெழுத்தான ஒப்பந்தமும். அவை இல்லாமல் விவரங்களை மட்டும் கொடுத்திருந்தால் கோர்ட்டில் காட்ட அவரிடம் என்ன இருந்திருக்கும்?

பட்டறையில் எதையாவது புதிதாகக் கட்டிப் பார்க்கும் நண்பர்கள் எல்லோருக்கும் இருப்பார்கள். அடுத்த முறை பார்க்கும்போது அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மவுண்ட் எத்தனை கிலோ தாங்கும்? பேப்பரில் எழுதி வைத்தாயா?