மயக்கம் தெளிகையில் சித்தக் கலக்கம்

பொது மயக்க மருந்தின் பிடியிலிருந்து நோயாளி மீளும் வேளையில், பிரக்ஞை முழுதும் திரும்புமுன் உடல் விழித்துக்கொள்ள, இடமும் காலமும் அறியாது திமிறுதல், கூவுதல், குழாய்களைப் பிடுங்குதல் முதலியவற்றால் வெளிப்படும் குறுகிய கால நிலை. சிறு குழந்தைகளிடம், செவோஃப்ளூரேன் வாயுவுக்குப் பின், அடிக்கடி காணப்படும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆனால் ஈராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களிடம், விசேஷமாக, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் உடையவரிடம், இது உக்கிரமாகத் தோன்றுவதை ராணுவ மருத்துவர்கள் கண்டனர். கட்டிலருகே நிற்கும் தாதியும் அப்போது அவர் கண்ணுக்குச் சத்துருவாகக்கூடும். கைகால்களைக் கட்டுவது பயத்தை வளர்க்கவே செய்யும். அவர் போரில் பட்டதை முன்கூட்டியே பரிவோடு கேட்டறிதலும், இரைச்சலற்ற அறையில் பெயர்சொல்லி மெல்ல அழைத்தலும், டெக்ஸ்மெடிடோமிடின் போன்ற மருந்தும் துணைசெய்கின்றன.