சோழவரத்துக்குப் போன பெட்டி

சென்னையின் மோட்டார் பந்தயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் யார் ஜெயித்தார், எந்த வண்டி ஓடியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வண்டியோடு என்னென்ன சாமான் போனது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. ராயப்பேட்டையில் ஒரு பட்டறையில் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்து, மேஸ்திரி சொல்லச் சொல்லப் பெட்டி கட்டியவன் நான். சோழவரத்தில் பந்தயம் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால், அந்தப் பெட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

சோழவரம் இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம். செங்குன்றம் தாண்டி, கல்கத்தா போகும் சாலையில் இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. 1980களின் பிற்பகுதி வரை நடந்தது. ஓடுதளம் என்பதால் நேர்பாதை நீளம். ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகி அப்படியே பிடித்துக்கொண்டு போகலாம். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அதுதான் எமன். பிஸ்டன் சூடேறி, விரிந்து, சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்; அதைத்தான் சீஸ் ஆவது என்போம். சுற்றிலும் வெட்டவெளி. லேத் பட்டறை வேண்டுமென்றால் ஊருக்குள் வர வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் எது எது கெடக்கூடுமோ அதெல்லாம் வெள்ளிக்கிழமையே பெட்டிக்குள் போயிருக்க வேண்டும்.

ஓட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் சம்பளத்துக்குப் போகிறவர்கள், கல்லூரி மாணவர்கள், சின்ன முதலாளிகள். வாரம் முழுக்க ஆபீசுக்கு ஓட்டிப்போன அதே எஸ்டி மோட்டார் சைக்கிளை வெள்ளிக்கிழமை எங்கள் பட்டறையில் விடுவார்கள். ஹெட்லைட், மட்கார்டு, ஹாரன் எல்லாம் கழற்றி ஒரு சாக்கில் போய்விடும். திங்கட்கிழமை அவை திரும்ப ஏற வேண்டும் என்பதால் அந்தச் சாக்கும் கணக்கில் சேரும்.

முதலில் ஸ்பேனர். இன்றைய பையன்களுக்கு ஒரே ஒரு செட் போதும். எங்களுக்கு மூன்று வேண்டும். திருவொற்றியூரில் செய்த என்ஃபீல்டு புல்லட் பிரிட்டிஷ் மரை. அதற்கு விட்வொர்த் ஸ்பேனர். மைசூரிலிருந்து வந்த ஜாவா, எஸ்டி செக்கோஸ்லோவாக்கிய வம்சம்; அதற்கு மில்லிமீட்டர். பியட் காருக்கும் மில்லிமீட்டர்தான். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இன்னொரு அங்குலக் கணக்கு. ஒன்றுக்கு இன்னொன்று சேராது. கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். 13-ம் நம்பர் நுழையாது, 14 போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். மழுங்கிய நட்டைப் பந்தய மைதானத்தில் கழற்றுவதற்கு உளியும் சுத்தியலும்தான் வழி. "மூணு செட்டும் மூணு துணியில சுத்துடா, கலந்தியோ கெட்டே" என்பார் மேஸ்திரி. எந்தெந்த நாடு இந்தியாவுக்கு வண்டி செய்யக் கற்றுக்கொடுத்தது என்பது முழுக்க அந்த மூன்று துணிச் சுருளில் இருந்தது.

அடுத்தது உதிரிபாகம். வெளிநாட்டுச் சாமான் இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டிய காலம். பந்தயத்துக்கென்று செய்த பிஸ்டனோ கார்புரேட்டரோ சாதாரண ஆளுக்கு எட்டாது. எங்களுக்கு இருந்தது மூன்று கடைவீதிகள். புதுச் சாமானுக்கு ஜி.பி. ரோடு, பழைய வண்டி உடைத்த சாமானுக்குப் புதுப்பேட்டை, 1985-ல் எரிந்துபோகும் வரை மூர் மார்க்கெட். வெள்ளைக்காரன் விட்டுப்போன நல்ல விட்வொர்த் ஸ்பேனர்களை மேஸ்திரி அங்கேதான் பொறுக்கியெடுத்தார். புதுப்பேட்டையில் கியர் சக்கரம் வாங்கும்போது பல்லின் ஓரத்தை விரல் நகத்தால் தடவிப் பார்ப்பார். நகம் எங்காவது தட்டினால் வேண்டாம் என்று வைத்துவிடுவார். கிளப் அலுவலகத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த வீதிகளுக்கும் சென்னைப் பந்தயத்தில் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

பெட்டியிலேயே விலை உயர்ந்தது ஸ்பேர் சிலிண்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சனிக்கிழமைப் பயிற்சியில் எஞ்சின் சீஸ் ஆனால், சிலிண்டரைக் கழற்றி ஊருக்குள் கொண்டுவந்து, லேத்காரரை எழுப்பி, 0.25 மி.மீ. அல்லது 0.50 மி.மீ. கூடுதல் அளவுக்கு உட்புறத்தைக் குடைந்து போர் போட்டு, விடிவதற்குள் திரும்பப் போய் மாட்டலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் புதிதாகப் போர் போட்ட சிலிண்டரை அன்றைக்கே முழு வேகத்தில் ஓட்டினால் மறுபடியும் சீஸ் ஆகும். பிஸ்டனும் ரிங்கும் சிலிண்டர் சுவரோடு பழக வேண்டும். அதற்காகவே மேஸ்திரி பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்பே ஸ்பேர் சிலிண்டரைப் போர் போட்டு, ஸ்பேர் பிஸ்டனோடு வண்டியில் மாட்டி, ஓட்டுகிறவரிடம் கொடுத்துவிடுவார். அவர் அதில் மெதுவாக ஆபீசுக்குப் போய்வருவார். பழகிய பிறகு கழற்றி, பிஸ்டனின் உராய்ந்த இடங்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, ரிங், பிஸ்டன் பின், சர்க்ளிப், கேஸ்கட் எல்லாம் கூடவே வைத்துக் கட்டுவோம். சனிக்கிழமை ராத்திரி மற்றவர்கள் ஊருக்கும் மைதானத்துக்கும் அலைந்துகொண்டிருக்கும்போது, எங்கள் ஆள் தூங்குவார்.

பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கார்புரேட்டர் ஜெட்டுகள் பிலிம் ரோல் டப்பாவில் வரும். வேண்டிய நம்பர் கடையில் கிடைக்காது. கிடைத்த ஜெட்டின் துளையை ஈயம் வைத்து அடைத்து, மெல்லிய டிரில்லால் திரும்பத் துளைப்போம். காலையில் காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும், எஞ்சின் கூடுதல் பெட்ரோல் கேட்கும். உச்சிவெயிலில் அது குறையும். காலை ஜெட் வேறு, மதிய ஜெட் வேறு. சரியா தப்பா என்று பிளக் சொல்லும். முழு வேகத்தில் எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்தபடி உருட்டிவந்து பிளக்கைக் கழற்றினால், காப்பித்தூள் நிறம் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் ஓட்டையாகும். கருத்திருந்தால் வேகம் வராது. அதனால் சூட்டுக்கு ஏற்ற வெவ்வேறு பிளக்குகளும் வேண்டும்.

இத்தனையும் வகைவகையாக அடுக்கினால் மைதானத்தில் உபயோகப்படாது. கேஸ்கட் ஒரு டப்பா, ஸ்பிரிங் ஒரு டப்பா என்று அடுக்கியவர்கள் அவசரத்தில் எல்லா டப்பாவையும் கொட்டித் தேடியதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மேஸ்திரி வேலைவாரியாகக் கட்டினார். கல்யாண வீட்டில் தாம்பூலத்துக்குக் கொடுக்கும் மஞ்சப்பை ஒவ்வொன்றும் ஒரு வேலை. கிளட்ச் பையில் பிளேட், ஸ்பிரிங், கேஸ்கட், அதைத் திறக்க வேண்டிய ஸ்பேனர் உட்பட இருக்கும். செயின் பையில் செயின் லாக், அரை அடிச் செயின், பல் எண்ணிக்கை மாறிய ஸ்ப்ராக்கெட். இன்ஜின் ஆயில் நட்டு கழன்று பாதையில் எண்ணெய் கொட்டக் கூடாது என்பதற்காக நட்டில் துளை போட்டுக் கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டும்; அந்த லாக் ஒயருக்கும் கட்டிங் பிளேயருக்கும் ஒரு பை. பையின் வாயில் சீட்டு. ஒரு பையைத் தூக்கினால் ஒரு வேலை முடியும். ஆமணக்கு எண்ணெயில் செய்த ரேஸ் ஆயில் டின் மட்டும் தனி. அது பெட்ரோலில் லேசில் கரையாது, விட்டால் பிரிந்து அடியில் தங்கும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும்.

பக்கத்துப் பிட்காரன் ஒரு சாமான் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். எதிராளியாகவே இருந்தாலும் சரி. வாங்கினவர் உபயோகித்துவிட்டால் திங்கட்கிழமை ஜி.பி. ரோட்டில் அதே சாமானைப் புதிதாக வாங்கிக் கொடுப்பார். எழுத்தில் எதுவும் கிடையாது, யாரும் ஏமாற்றியதாகவும் எனக்கு நினைவில்லை. ஸ்பேர் சிலிண்டரை மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும்.

1983-ல் ராஜ்தூத் 350 வந்தது. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், பொறி கொடுக்க இரண்டு பாயின்ட். பெட்டியின் சாமான் பாதியளவு கூடிப்போயிற்று. 1985-ல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-ல் பாயின்டே இல்லை, எலெக்ட்ரானிக் இக்னிஷன். பாயின்ட், கண்டன்சர், அதன் இடைவெளி பார்க்கும் கேஜ் எல்லாம் அந்த வண்டிக்காரர்களின் பெட்டியிலிருந்து போயின. கார் பக்கம் பெரிய மாற்றத்தைச் செய்தவர் கோயம்புத்தூர் கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வைத்து 1988-ல் அவர் கொண்டுவந்த ஃபார்முலா மாருதியில் எல்லோருக்கும் ஒரே எஞ்சின், அதுவும் ஊரில் எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கிற எஞ்சின். பணக்காரர்கள் மட்டுமே ஓட்டிய ஒற்றை இருக்கைக் காரில் நடுத்தரக் குடும்பத்துப் பையனும் உட்கார முடிந்தது. நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் அதில்தான். கரிவரதன் விமான விபத்தில் இறந்தது இந்தத் தொழிலுக்கு ஈடுகட்ட முடியாத நஷ்டம்.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தப் பாதை திறந்தது. 3.7 கிலோமீட்டர், வளைவுகள், நிரந்தரக் கட்டடங்கள். அடுத்த வருஷமே இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. 1996-ல் எஸ்டி, ஆர்எக்ஸ் 100 இரண்டின் உற்பத்தியும் நின்றது. இப்போது வண்டிக் கம்பெனிகளே நடத்தும் ஒரே ரகப் பந்தயங்களில் வண்டியும் அவர்களுடையது, சாமானும் அவர்களுடையது. ஓட்டுகிறவர் ஹெல்மெட்டோடு போனால் போதும். சொந்த வண்டியில் பாதைக்கு வருகிறவர்கள் இன்றும் பிரேக் பேட், லீவர், லாக் ஒயர் கொண்டுவருகிறார்கள். அவர்களில் யாரும் சிலிண்டரைப் பழக்கிக் கொண்டுவருவதில்லை. அவர்களுடைய வண்டிக்கு அது தேவையும் இல்லை.

மேஸ்திரியின் நோட்டு இரண்டு என்னிடம் இருக்கிறது. எந்தப் பந்தயத்துக்கு எந்தப் பை போனது, எது திரும்பியது, எந்த ஜெட் எந்த நேரத்துக்கு என்று பென்சிலில், தனக்கே உரிய சுருக்கெழுத்தில் எழுதியிருக்கிறார். இதுபோன்ற நோட்டுகள் புதுப்பேட்டையிலும் கோயம்புத்தூர்ப் பட்டறைகளிலும் பரணில் கிடக்கின்றன. பழைய பந்தயப் போட்டோக்களையும் கோப்பைகளையும் சேர்க்கிறவர்கள் இவற்றையும் கேட்டு வாங்கிப் படியெடுக்க வேண்டும், எழுதியவர்களில் சிலராவது உயிரோடு இருக்கும்போதே. அந்தச் சுருக்கெழுத்தில் பாதி அவர்களுக்குத்தான் புரியும்.