பதினாறரைக் கிலோவிலிருந்து அறுநூறு கிராமுக்கு

1993-ல் ஜப்பானின் கேனான் நிறுவனம் 1200 மில்லிமீட்டர் குவியத் தூரம் கொண்ட லென்ஸ் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை 16.5 கிலோ. முன்பக்கத் திறப்பு மட்டும் 20 சென்டிமீட்டருக்கு மேல். கேட்பவர்களுக்கு மட்டும் செய்து கொடுத்தார்கள். அதன் விலைக்கு நம்மூரில் ஒரு வீடே வாங்கலாம். விளையாட்டு மைதானத்தின் மறுகோடியையோ காட்டின் அடுத்த கரையையோ படமெடுக்க வேண்டிய பத்திரிகைக்காரர்களுக்கும் செல்வந்தர்களுக்கும் உரிய பொருள் அது.

2012 செப்டம்பரில் அதே நிறுவனம் பவர்ஷாட் எஸ்எக்ஸ்50 எச்எஸ் என்ற கேமராவை அறிவித்தது. 24 முதல் 1200 மில்லிமீட்டர் வரை, அதாவது 50 மடங்கு ஜூம். சிறிய கேமராக்களில் அந்த எண்ணைத் தொட்ட முதல் கேமரா அதுதான். எடை 595 கிராம். அமெரிக்காவில் வைத்த விலை 480 டாலர். தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறலாம்.

பத்தொன்பது ஆண்டுகளில் 16 கிலோ எங்கே போயிற்று என்று கேட்டால், பதில் சென்சாரில் இருக்கிறது. இந்தக் கேமராவின் லென்ஸ் உண்மையில் 4.3 முதல் 215 மில்லிமீட்டர் வரைதான். பழைய ஃபிலிம் சட்டம் 36க்கு 24 மில்லிமீட்டர். இதன் சென்சாரோ ஏறக்குறைய 6.2க்கு 4.6. பெரிய சட்டம் பார்க்கும் காட்சியின் நடுவிலிருந்து ஒரு சின்னத் துண்டை மட்டும் இது பார்ப்பதால், 215 மில்லிமீட்டர் 1200-ஆக வேலை செய்கிறது. காட்சிக்கோணம் அதேதான். ஆனால் சென்சாரின் பரப்பு ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. முழு ஜூமில் திறப்பு எஃப் 6.5, அதாவது 33 மில்லிமீட்டர் விட்டம். எடையையும் விலையையும் குறைத்ததற்கு ஈடாகக் கொடுத்தது வெளிச்சத்தை. இந்தக் கேமராவின் எல்லாக் குறைகளும் எல்லா நியாயங்களும் இந்த ஒரு கொடுக்கல் வாங்கலுக்குள் அடங்கிவிடும்.

இதற்கு முன்னோர்கள் உண்டு. 2000-ல் ஒலிம்பஸ் சி-2100 பத்து மடங்கு ஜூமோடு வந்தது. படம் இரண்டு மெகாபிக்சல்தான். 2002-ல் பானசோனிக் எஃப்இசட்1 பன்னிரண்டு மடங்கு ஜூமையும், அந்த நீளம் முழுவதும் எஃப் 2.8 திறப்பையும் தந்தது. இன்றைக்கும் அந்தத் திறப்பை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. 2010-ல் கேனான் 35 மடங்குக்கு வந்தது. கைநடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸுக்குள்ளேயே ஒரு கண்ணாடியை அசைத்து ஈடுகட்டும் அமைப்பு மட்டும் வளராமல் இருந்திருந்தால் இந்த எண்கள் எல்லாம் விளம்பரத்தோடு நின்றிருக்கும். 1200 மில்லிமீட்டரைக் கையில் பிடித்து எடுக்க நொடியில் 1200-ல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் வேண்டும் என்பது பழைய கணக்கு. இந்த அமைப்பின் தயவில், அசையாத பொருளை அறுபதில் ஒரு பங்கு நொடியில்கூட எடுக்க முடிகிறது.

எஸ்எக்ஸ்50 கேமராக்களில் நான் சொல்லவந்த ஒன்று சிங்கப்பூரிலிருந்து தஞ்சாவூருக்கு வந்தது. பெரியப்பாவின் மகன் விடுமுறைக்கு வரும்போது சிராங்கூன் ரோட்டில் வாங்கிக்கொண்டு வந்தான். பேரப்பிள்ளைகளைப் படமெடுக்கட்டும் என்பது அவன் எண்ணம். பெரியப்பா அதை எடுத்துக்கொண்டு நேரே பெரிய கோயிலுக்குப் போனார்.

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடாத பழக்கம். 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் விமானத்தின் வடபுறத்தில் தொப்பி அணிந்த ஐரோப்பியர் உருவம் ஒன்று இருக்கிறது என்பது தஞ்சாவூரில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரன் வருவான் என்று ராஜராஜனுக்கு முன்பே தெரியும் என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். பிற்காலத் திருப்பணியில் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். தரையில் நின்று பார்க்கிறவருக்கு அங்கே ஏதோ ஒரு உருவம் இருப்பது தெரியும், அவ்வளவுதான். பெரியப்பா பிராகாரத்துத் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி எடுத்த படத்தில் தொப்பியின் விளிம்பு தெரிந்தது, முகம் தெரிந்தது, சுற்றியிருக்கும் உருவங்களிலிருந்து அது எப்படி விலகி நிற்கிறது என்பதும் தெரிந்தது. "இப்ப பாருடா, யார் வேணா என்ன வேணா சொல்லட்டும். நான் பாத்துட்டேன்" என்றார். பிறகு கும்பகோணம், தாராசுரம், திருபுவனம் என்று போய் வந்தார். முழங்கால் வலி உள்ளவருக்குக் கோபுரத்தின் ஏழாம் நிலைச் சுதைச் சிற்பம் எட்டும் தூரத்துக்கு வந்தது. பேரப்பிள்ளைகள் படம் மிகச் சிலதான்.

கழுத்து வலி வந்த பிறகு அவர் கேமராவை என்னிடம் கொடுத்தார். "எனக்குக் கோபுரம் முடிஞ்சுது. நீ குருவியைப் பாரு." அப்படித்தான் அது தாம்பரத்தில் என் வீட்டுக்கு வந்தது.

பறவை என்பது கோபுரம் அல்ல; உட்கார்ந்த இடத்தில் இருக்காது. முழு ஜூமில் 100 மீட்டர் தூரத்தில் தெரியும் காட்சியின் அகலம் மூன்று மீட்டர்தான். வேடந்தாங்கல் கரையில் நின்றால் ஏரிக்குள் மரத்தில் கூடு கட்டியிருக்கும் கூழைக்கடா அந்தச் சட்டத்தில் பாதியை நிறைக்கும். ஆனால் அது இறக்கையை விரித்த நொடியில் சட்டத்தில் மிஞ்சுவது வெறும் வானம். எங்கே போயிற்று என்று தெரியாமல் கேமராவை இங்குமங்கும் திருப்பினால் கிளை, தண்ணீர், மறுபடியும் வானம். இதற்கென்றே லென்ஸின் பக்கவாட்டில், இடது கை விரல் படும் இடத்தில், ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அழுத்திப் பிடித்தால் லென்ஸ் சற்று உள்ளே வாங்கிக் காட்சி விரியும். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். பறவையைத் தேடிப் பிடித்து அந்தக் கட்டத்துக்குள் கொண்டுவந்து விரலை எடுத்தால், லென்ஸ் பழைய இடத்துக்கே நீளும். பயன்படுத்துகிறவனின் தவிப்பைத் தெரிந்த ஒருவர் யோசித்துச் செய்த பொத்தான் அது. கேமராக்களில் நான் மதிக்கும் வேலைப்பாடு இப்படிப்பட்டதுதான்.

கண்வைத்துப் பார்க்கும் சிறுதிரை மட்டமானது. இரண்டு லட்சம் புள்ளிகள்தான். பஞ்சுருட்டானின் கண் கூர்மையாக விழுந்ததா என்று அதில் பார்த்துச் சொல்ல முடியாது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பஞ்சுருட்டானிடம் ஒரு நல்ல குணம்: பூச்சியைப் பிடிக்கப் பறந்துவிட்டு, பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும். அது போனதும் கம்பியிலேயே ஃபோகஸை வைத்துக்கொண்டு, ஷட்டரைப் பாதி அழுத்தியபடி காத்திருக்க வேண்டும். வந்து உட்கார்ந்து, பிடித்த தேனீயைக் கம்பியில் அடித்துக் கொடுக்கை நீக்கும் அந்தச் சில நொடிகள் நமக்கு.

நேரம் பார்த்துப் போவதைக் கற்றுக்கொடுத்ததும் இந்தக் கேமராதான். வெளிச்சம் குறைந்து, சென்சாரின் உணர்திறனைக் கூட்டும் ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டினால் சிறகின் வரிகள் கரைந்து மெழுகுபோல் ஆகிவிடும். ஆகவே விடிந்து வெயில் வந்தபின் தொடங்கி, பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். பத்துக்கு மேல் வெளிச்சம் தாராளம். ஆனால் கானல் கிளம்பிவிடும். வயலுக்கு மேலோ தண்ணீருக்கு மேலோ சூடான காற்று நெளிய, தூரத்து நாரையின் கழுத்தும் சேர்ந்து நெளியும். எவ்வளவு விலையுள்ள லென்ஸானாலும் அங்கே தோற்றுப்போகும். இதற்கு முந்தைய எஸ்எக்ஸ்40-ல் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு. நிழலில் இருக்கும் பறவையை வீட்டுக்கு வந்து நிதானமாக வெளுத்து எடுக்கலாம்.

கண்காட்சிச் சுவரில் மாட்டும் படம் இதில் அபூர்வம். அதற்காக இதை நான் குறைவாக மதிப்பதில்லை. இந்தக் கேமரா கொடுப்பது ஐயம் தீர்தல். நம் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கையே எடுத்துக்கொள்ளலாம். கொக்கு என்று சொல்லிவிட்டு நாம் கடந்துபோகும் கூட்டத்தில் மூன்று இனங்கள் இருக்கக்கூடும். பாதம் மஞ்சளாக இருந்தால் சின்னக் கொக்கு. மற்ற இரண்டையும் பிரிக்க முகத்தைப் பார்க்க வேண்டும். அலகு பிளக்கும் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டால் பெரிய கொக்கு. கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. சேற்றில் இறங்காமல், வரப்பில் நின்றபடி, பறவையைக் கலைக்காமல் அந்தக் கோட்டைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஆசிரியர், மாணவர், வங்கி ஊழியர் என்று யார் வேண்டுமானாலும் தம் ஊர் ஏரியில் பார்த்ததை இ-பேர்ட் தளத்தில் பதியலாம். அபூர்வமான பறவையைப் பதிந்தால் சான்று கேட்பார்கள். மங்கலாக இருந்தாலும் அலகும் காலும் தெரிகிற ஒரு படம் போதும். அந்தப் படத்தை எடுக்கும் வசதி ஒரு காலத்தில் லட்சங்களைச் செலவழிக்கக் கூடியவர்களிடம்தான் இருந்தது. இந்த வகைக் கேமராக்கள் அதைச் சின்ன ஊர்களுக்குக் கொண்டுவந்தன. அதை ஒரு பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

2020 டிசம்பர் 21 மாலை, வியாழனும் சனியும் வானத்தில் பத்தில் ஒரு டிகிரி இடைவெளியில் வந்து நின்றன. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் துவரம்பருப்புப் பையை வைத்து, அதன்மேல் கேமராவை அமர்த்தி, இரண்டு நொடி டைமரில் எடுத்தேன். ஒரே சட்டத்தில் இரண்டும் விழுந்தன. வியாழனுக்குப் பக்கத்தில் அதன் நிலவுகள் கோட்டில் வைத்த புள்ளிகளாக இருந்தன. சனி உருண்டையாக இல்லை. இருபுறமும் இழுத்துவிட்ட நீள்வட்டம். வளையம் என்று தெரியாமலேயே கலிலியோ 1610-ல் பார்த்துக் குழம்பிய வடிவமும் ஏறத்தாழ இதுதான். அவருடைய தொலைநோக்கியின் கண்ணாடியும் சில சென்டிமீட்டர் அகலம்தான். இதன் திறப்பு 33 மில்லிமீட்டர். நாலு வீடு தள்ளி இருந்தவர்கள்கூட வந்து திரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்குள் இந்தக் கேமரா பழசாகியிருந்தது. 2015-ல் நிக்கான் பி900 வந்து 2000 மில்லிமீட்டரைக் காட்டியது. 2018-ல் பி1000 வந்து 3000 மில்லிமீட்டருக்குப் போனது, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றே குறைந்த எடையோடு. என் பார்வையில் 3000 தேவையில்லை. கானலையும் நடுக்கத்தையும் மீறி அந்த நீளத்தை நிறைவாகப் பயன்படுத்தும் நாட்கள் குறைவு. 2010-ல் உலகம் முழுவதும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023-ல் லென்ஸ் மாற்ற முடியாத கேமராக்களின் எண்ணிக்கை 20 லட்சத்துக்கும் கீழே. மீதியைப் போன் எடுத்துக்கொண்டது. கல்யாண வீட்டுக்கும் சாப்பாட்டு இலைக்கும் போன் போதும். ஆனால் சில போன்கள் நிலவைப் பார்த்ததும் அது நிலவு என்று தெரிந்துகொண்டு, சென்சாரில் விழாத பள்ளங்களை மென்பொருளால் துலக்கிக் காட்டுகின்றன. அழகாக இருக்கலாம், ஆனால் கொக்கின் வாய்க்கோட்டை அப்படி வரைந்து காட்டினால் எனக்கு எதற்கு?

இப்போது கேமரா மன்னார்குடியில் அக்கா மகளிடம் இருக்கிறது. விலங்கியல் படிக்கிறாள். வடுவூர் ஏரி பக்கத்திலேயே. 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி. பிடிப்பு ரப்பர் தேய்ந்து பளபளவென்று ஆகிவிட்டது. பழைய பேட்டரி அரைநாள்கூடத் தாங்குவதில்லை என்பதால் இரண்டு புது பேட்டரிகள் வாங்கி அனுப்பினேன். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பெரியப்பா தஞ்சாவூரிலிருந்து போன் செய்து, மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயில் ராஜகோபுரத்தை எடுத்து அனுப்பச் சொல்லி அவளை விரட்டுகிறார்.

போன வாரம் அவள் அனுப்பிய கொக்குப் படத்தில் கோடு கண்ணைத் தாண்டிப் போயிருந்தது. "மாமா, பெரிய கொக்குதானே?" என்று கேட்டாள். அதேதான். அடுத்த படத்தில் ஏரியின் நடுவில் ஒரு வாத்துக் கூட்டம், வெயிலுக்கு எதிரே, வெறும் கருநிழலாக. தலையின் நிறமும் தெரியவில்லை, இறக்கைப் பட்டையும் தெரியவில்லை. பட்டியலில் "வாத்து வகை" என்று மட்டும் எழுதியிருந்தாள். சாயங்காலம் கிழக்குக் கரையில் நின்று எடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே கரைக்குப் போகச் சொன்னேன். அப்போது வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.