கேட்டு எழுதும் பராமரிப்புத் திட்டம்

மருத்துவமனையில் நோயாளிக்காகத் தாதியர் எழுதும் பராமரிப்புத் திட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தாதிமை என்பது ஒரு செயல்முறை என்று அமெரிக்காவின் லிடியா ஹால் 1955இல் கூறினார். யேல் பல்கலைக்கழகத்தில் தாதியர் நோயாளிகளோடு பழகுவதைக் கவனித்து ஆராய்ந்த ஐடா ஜீன் ஒர்லாண்டோ, 1961இல் நூல் வெளியிட்டார். நோயாளியின் தேவையைத் தாதி ஊகித்தால் போதாது, அவரிடமே கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்றார் அவர்.

1967இல் யூராவும் வால்ஷும் மதிப்பிடுதல், திட்டமிடுதல், செயல்படுத்துதல், பலனைச் சீர்தூக்குதல் என நான்கு படிகள் வகுத்தனர். 1973இல் அமெரிக்கத் தாதியர் சங்கம் வெளியிட்ட தரவிதிகளில் தாதியர் கணிப்பும் இடம்பெற, படிகள் ஐந்தாயின.

ஆள் பற்றாக்குறையுள்ள வார்டில் இப்படிவம் வேலை முடியும் நேரத்தில் அவசரமாக நிரப்பப்படுவதுண்டு. வலியை வாய்விட்டுச் சொல்லாத நோயாளிக்கே அதனால் இழப்பு. பேனாவை எடுக்குமுன் கட்டிலருகே நின்று கேட்கும் ஒரு கேள்வியில்தான் திட்டம் தொடங்குகிறது.