நரகத்தில் ஒரு வாரயிறுதி

"இத்தன தூரம் போயி சைக்கிள் ரேஸையா கண்ணு பாக்கறே?" என்றாள் அம்மா.

2023 ஏப்ரல் 8, சனிக்கிழமை. வட பிரான்ஸில், பெல்ஜிய எல்லையை ஒட்டிய ரூபே நகரத்து வீதியில் போனைக் காதில் வைத்தபடி நடந்துகொண்டிருந்தேன். கோவையில் அப்போது மதியம்.

"ஆமாங்கம்மா. இன்னிக்குப் பொம்பளைங்க ரேஸு. நாளைக்கு ஆம்பளைங்க ரேஸு."

"பொம்பளைங்களுமா?" என்றவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "சாப்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

அம்மா பதினெட்டு வருடம் ஒரு நூற்பாலையின் ரீலிங் பிரிவில் வேலை பார்த்தவள். நான் ஒன்பதாவது படிக்கும்போது அந்த மில்லை மூடினார்கள். கணக்கு முடிப்பதற்கு இழுத்தடித்த வருடங்கள் தனிக்கதை. இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. பஸ்ஸில் மட்டும் கண்டக்டர் இன்னமும் "மில் ஸ்டாப் எறங்கு" என்று கத்துகிறார்.

நான் சைக்கிள் பந்தய ரசிகன் இல்லை. பிரசல்ஸில் என்னோடு வேலை செய்யும் பெல்ஜியக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். பந்தயத்தைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தபோதுதான், கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பதுபோல, ரூபேயைப் பிரான்ஸின் மான்செஸ்டர் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதனாலேயே ஒரு நாள் முன்னதாகத் தனியாகக் கிளம்பி வந்தேன்.

*

ரூபேக்கு 'ஆயிரம் புகைபோக்கிகளின் நகரம்' என்றும் ஒரு பெயர் உண்டு. கம்பளியும் பருத்தியும் நூற்று, நெய்து, சாயமேற்றிப் பிழைத்த ஊர். எல்லையைத் தாண்டி பெல்ஜியத்திலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்து வேலை செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. இன்று பிரான்ஸின் ஏழ்மையான நகரங்களைப் பட்டியலிட்டால் ரூபே தவறாமல் வந்துவிடும்.

நகர மையத்தில் செங்கல்லால் கட்டிய பெரிய கோட்டை ஒன்று நின்றது. கொத்தளங்கள் மாதிரி கோபுரங்கள்கூட இருந்தன. ஆனால் அங்கே எந்த அரசனும் இருந்ததில்லை. அது மொத்-பொசூ குடும்பத்தாரின் பழைய நூற்பாலை. முதலாளிகள் அதைக் கோட்டை மாதிரியே கட்டியிருக்கிறார்கள். 1993 முதல் அந்தக் கட்டடத்தில் பிரான்ஸின் தேசியத் தொழிலுலக ஆவணக் காப்பகம் இயங்குகிறது. ஆலைகளின் கணக்குப் புத்தகங்கள், தொழிற்சங்கங்களின் காகிதங்கள் எல்லாம் நூற்பாலைக்குள்ளேயே அடுக்கியிருக்கின்றன. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தேன்.

பந்தயத்தை ஆரம்பித்ததும் ஆலை முதலாளிகள்தான். தியோதோர் வியேன், மொரீஸ் பெரெஸ் என்ற இரண்டு ஜவுளிக்காரர்கள் 1895-இல் ரூபேயில் ஒரு சைக்கிள் பந்தய மைதானம் கட்டினார்கள். ஊரின் பெயர் வெளியே தெரிய வேண்டும், மைதானத்துக்கும் கூட்டம் வர வேண்டும். பாரீஸில் கிளம்பி இங்கே வந்து முடிகிற ஒரு பந்தயம் வைக்கலாமே என்று 'லெ வேலோ' பத்திரிகைக்கு எழுதினார்கள். 1896 ஏப்ரல் 19 அன்று முதல் பந்தயம் நடந்தது. தூரம் சுமார் 280 கி.மீ., முதல் பரிசு 1000 பிராங்க். ஜெர்மானியரான ஜோசப் ஃபிஷர் வென்றார். அடுத்த இரண்டு வருடமும் வென்ற மொரீஸ் காரன் ரூபேயிலேயே சைக்கிள் கடை வைத்திருந்தவர். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்து, புகைபோக்கி சுத்தம் செய்த பையன். 1903-இல் நடந்த முதல் டூர் டி பிரான்ஸையும் வென்றவர் இவர்தான்.

அந்தக் காலத்தில் இந்தப் பந்தயத்தில் 'கல் ரோடு' என்று தனியாக எதுவும் கிடையாது. வடக்கே பெரும்பாலான சாலைகளே அப்படித்தான் இருந்தன. சதுரமாக வெட்டிய கருங்கற்களை மண்ணில் பதித்து, நிலக்கரி வண்டியும் பீட்ரூட் வண்டியும் போவதற்காகப் போட்ட பாதைகள்.

*

பெண்கள் பந்தயம் இப்போதுள்ள ரூபே வெலோட்ரோமில் முடியும். 1930-களில் கட்டிய திறந்தவெளி மைதானம். வளைவுகளில் தடம் சரிவாக எழும்பி நிற்கும். பார்க்க நம்மூர் முனிசிபல் ஸ்டேடியம் மாதிரி, பழசாக, அலட்டல் இல்லாமல் இருந்தது. புல்தரையில் குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரிய திரையில் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆண்கள் பந்தயம் தொடங்கிய வருடம் 1896. பெண்களுக்கான முதல் பாரீஸ்–ரூபே நடந்தது 2021 அக்டோபர் 2. இடையில் 125 வருடங்கள். இந்த ஊர் ஆலைகளில் பெண்கள் நின்ற தறிகளுக்கும் சுற்றிய நூலுக்கும் கணக்கே கிடையாது. அவர்களால் இந்தக் கற்களில் சைக்கிள் ஓட்ட முடியாது என்று மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். முதல் பந்தயத்தில் இங்கிலாந்தின் லிசி டெய்க்னன் 80 கி.மீ-க்கும் மேல் தனி ஆளாக ஓட்டி வென்றார். கையுறை போடாத உள்ளங்கைகள் கிழிந்து, ஹேண்டில்பார் ரத்தமாகியிருந்தது. அவருக்குக் கிடைத்த பரிசுத் தொகை 1535 யூரோ. மறுநாள் ஆண்களில் வென்றவருக்கு 30,000 யூரோ.

அம்மா ஏன் பேச்சை மாற்றினாள் என்று அப்போது யோசித்தேன். ரீலிங்கில் பெண்களுக்கு ஒரு கூலி, பக்கத்து ஹாலில் ஆண்களுக்கு ஒரு கூலி. "கைதான வேலை செய்யுது, அதுல என்ன ஆம்பளக் கை பொம்பளக் கை" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

மாலையில் மைதானம் எழுந்து நின்றது. ஆரம்பத்திலேயே முன்னால் போய்விட்ட ஒரு சிறு குழுவைப் பிரபல வீராங்கனைகள் துரத்திக்கொண்டிருந்தார்கள். பிடித்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிடிக்கவில்லை. தடத்துக்குள் நுழையும்போது ஒருத்தி வழுக்கி விழுந்தாள். மைதானம் மொத்தமும் ஒரே குரலில் "ஓ" என்றது. கடைசி நேரப் பாய்ச்சலில் கனடாவின் அலிசன் ஜாக்சன் முந்தினார். பண்ணை வீட்டில் வளர்ந்தவர். இந்தப் பந்தயத்தில் அவர் ஜெயிப்பார் என்று அதிகம் பேர் நினைத்திருக்க மாட்டார்கள். முகமெல்லாம் தூசி. சைக்கிளை விட்டு இறங்கி அங்கேயே ஆட ஆரம்பித்துவிட்டார்.

எனக்குப் பக்கத்தில் நின்ற கிழவர் தொப்பியைக் கழற்றிக் கை தட்டினார். அரைகுறை பிரெஞ்சில் பேச்சுக் கொடுத்தேன். ஊர்க்காரர், சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா, எங்கள் ஊரும் பஞ்சாலை ஊர்தான், அம்மா மில்லில் இருந்தாள் என்றேன். "மூடிட்டாங்களா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். அதற்கு மேல் மொழி தேவைப்படவில்லை.

மைதானத்தை ஒட்டிய பழைய குளியலறைகள் இந்தப் பந்தயத்தின் கோயில் மாதிரி. தோளுயர கான்கிரீட் தடுப்புகள், மேலே சங்கிலி இழுத்தால் தண்ணீர் கொட்டும் ஷவர். ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு வெற்றியாளரின் பெயர் பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கும். சுரங்கத்திலிருந்து மேலே வந்தவர்கள் கரி போகக் குளிக்கும் இடம் போலத்தான் எனக்குத் தோன்றியது.

*

ஞாயிறு, ஈஸ்டர். இந்தப் பந்தயத்துக்கு 'ஈஸ்டர் பந்தயம்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. ஆனால் உலகம் அறிந்த பெயர் 'வடக்கின் நரகம்'. சைக்கிள்காரர்கள் படும் பாட்டைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காரில் போகும்போது நண்பர் திருத்தினார்.

முதல் உலகப்போரில் நான்கு வருடம் இந்தப் பகுதி போர்முனையாக இருந்தது. 1909 முதல் 1911 வரை மூன்று வருடம் தொடர்ந்து வென்ற ஒக்தாவ் லாப்பிஸ், 1917-இல் போர்விமானத்தோடு விழுந்து இறந்தார். 1913-இல் வென்ற பிரான்சுவா ஃபாபெர் 1915 மே மாதத்தில் இந்த வடக்கு மண்ணிலேயே செத்தார். இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், நெவ் ஷப்பெல். அங்குள்ள நினைவிடத்தில், கல்லறைகூட இல்லாமல் போன 4700-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள், கூலியாட்களின் பெயர்கள் இருக்கின்றன. 1919-இல் பந்தயத்தை மறுபடி நடத்த முடியுமா என்று பார்க்க வந்தவர்கள் கண்டது குண்டுக்குழிகளையும் சேற்றையும் கருகிய மரங்களையும்தான். நரகம் என்று எழுதினார்கள். அது கற்களுக்கு வைத்த பெயர் அல்ல, செத்த நிலத்துக்கு வைத்த பெயர். அந்த வருடம் ஆன்ரி பெலிசியே வென்றபோது சராசரி வேகம் மணிக்கு 23 கி.மீ-ஐக்கூடத் தொடவில்லை.

அடுத்த போரும் முடிந்தபின் வேறொரு சிக்கல் வந்தது. நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் தங்கள் ஊரின் கல் ரோட்டைக் காட்டுகிறார்களே என்று மேயர்களுக்கு வெட்கம். வேகவேகமாகத் தார் போட்டார்கள். அறுபதுகளின் நடுவில், இப்படியே போனால் பந்தயத்துக்குக் கல்லே மிஞ்சாது என்ற நிலைமை. பழைய கல் ரோடுகளைத் தேடச் சொல்லி முன்னாள் வீரர் ஆல்பெர் பூவேயை அனுப்பினார்கள். அவர் ழான் ஸ்டாப்லின்ஸ்கியிடம் கேட்டார்.

ஸ்டாப்லின்ஸ்கி போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்தின் பையன். சின்ன வயதிலேயே அரென்பெர்க் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். பிறகு சைக்கிளுக்கு வந்து 1962-இல் உலகச் சாம்பியன் ஆனவர். பாரீஸ்–ரூபேயை மட்டும் அவர் வென்றதே இல்லை. சுரங்கத்துக்கு மேலே காட்டுக்குள் அம்பு மாதிரி நேராக ஒரு பாதை உண்டு, யாரும் தார் போட நினைக்காத பாதை என்று அவர்தான் சொன்னார். 1968-இல் பந்தயம் முதல்முறை அதன் வழியாகப் போனது. அந்தப் பாதையின் மேலே சைக்கிள் ஓட்டியவர்கள் பலர். அதன் அடியில் நிலக்கரியும் வெட்டியவர் அவர் ஒருவர்தான் என்பார்கள்.

முதலாளிகள் ஆரம்பித்த பந்தயத்துக்கு உயிர் கொடுத்தது ஒரு சுரங்கத் தொழிலாளியின் ஞாபகம்.

*

அரென்பெர்க்கில் மதியத்துக்கு வெகு முன்பே கூட்டம். டிக்கெட் கிடையாது. கறுப்புச் சிங்கம் போட்ட மஞ்சள் ஃப்ளாண்டர்ஸ் கொடிகள், உருளைக்கிழங்கு வறுவல் வாசம், பீர். காட்டின் வாசலில் ஸ்டாப்லின்ஸ்கிக்கு நினைவுக்கல் இருக்கிறது. பின்னால் 1989-இல் மூடிய சுரங்கத்தின் இரும்புக் கோபுரங்கள் தெரிகின்றன. அன்றைய 257 கி.மீ. பந்தயத்தில் கல் ரோடு மட்டும் 29 துண்டுகள், மொத்தம் 54 கி.மீ-க்கு மேல். காட்டுப்பாதை அதில் இரண்டரை கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள்.

பாதையில் இறங்கி நின்று பார்த்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே என் விரல்கள் போகும் இடைவெளி. செருப்புப் போட்டு நடந்தாலே கால் பிரளும். 2005-இல் அடியிலிருக்கும் பழைய சுரங்கக் குடைவுகளால் பாதை உள்வாங்கிப் பந்தயத்தை இந்தப் பக்கம் விடவில்லை. பழுதுபார்த்து அடுத்த வருடம் மறுபடி திறந்தார்கள். பந்தயத்தின் நண்பர்கள் என்று ஒரு சங்கம் இருக்கிறது. தன்னார்வலர்கள். வருடம் முழுக்க இந்தக் கல் ரோடுகளில் சேறு வாரி, பெயர்ந்த கல்லைத் திரும்பப் பதிக்கிறார்கள். மேயர்கள் வெட்கப்பட்ட கல்லை இன்று காவல் காக்கிறார்கள். வென்றவருக்குக் கோப்பையாகக் கொடுப்பதும் ஒரு கருங்கல்தான்.

முதலில் ஹெலிகாப்டர் சத்தம். பிறகு மோட்டார் சைக்கிள்கள். அணி ஆட்கள் உதிரிச் சக்கரங்களைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நின்றார்கள். அதன் பிறகு வந்த சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. செயின்கள் சட்டத்தில் அடிக்கும் சத்தம். நூறு இரும்பு டப்பாக்களை ஒன்றாகக் குலுக்கியது மாதிரி. மில் ஹாலுக்குள் நுழையும்போது இருக்கும் இரைச்சல். ஏழு வயதில் சாப்பாட்டுத் தூக்கோடு அம்மாவைத் தேடிப் போனபோது கேட்டது.

முகங்கள் தெரியவில்லை. தூசி, நடுங்கும் கன்னங்கள், பல்லைக் கடித்த வாய்கள். முன்வரிசையினர் போக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முந்தைய வருடம் வென்ற டிலன் வான் பார்லே இதே காட்டில்தான் விழுந்து விலகினார். நான் நின்ற இடத்திலிருந்து அது தெரியவில்லை. பிறகு ஒவ்வொருவராக, கிழிந்த சட்டையோடு, காற்று இறங்கிய சக்கரத்தோடு வந்துகொண்டே இருந்தார்கள். முன்னால் போனவர்களுக்குத் தட்டியதைவிட இவர்களுக்குக் கூட்டம் அதிகம் கை தட்டியது.

மிச்சத்தை ஒரு பீர் கூடாரத்தின் டிவியில் பார்த்தோம். நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூல் வென்றார். சராசரி வேகம் மணிக்கு 46 கி.மீ-க்கு மேல், 1919-இன் இரண்டு மடங்கு. நண்பர் சந்தோஷத்தில் குதித்தார். எனக்குக் காட்டுப்பாதையே கண்ணில் நின்றது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பந்தயம் ரூபேயின் ஒரு ஆலையையும் திறக்கவில்லை. அரென்பெர்க்கில் ஒருவருக்கும் சுரங்க வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை தடுப்புகளைக் கழற்றிவிடுவார்கள். சாயப்பட்டறைக் கிழவர் தன் வீட்டில் இருப்பார். ஆனாலும் வருடத்தில் ஒரு வாரயிறுதியில், இங்கே வேலை நடந்தது, இன்னார் நடந்த பாதை இது என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு இடம் இருக்கிறது. கல் தானாக நிற்கவில்லை. யாரோ குனிந்து திரும்பத் திரும்பப் பதிப்பதால் நிற்கிறது.

இரவு ரயிலில் அம்மாவுக்குப் போன் செய்தேன். நேரமாகிவிட்டது, ஆனால் தூங்கவில்லை.

"பொம்பளைங்கள்ல யாரு கண்ணு ஜெயிச்சது?" என்றாள். ஆண்களைப் பற்றிக் கேட்கவில்லை. சொன்னேன். காசு எவ்வளவு வித்தியாசம் என்று பழைய கதையையும் சொன்னேன்.

"அங்கயுமா?" என்றாள்.

பிறகு நானே கேட்டேன். "ஏனுங்கம்மா, ரீலிங்ல உங்ககூட யாரெல்லாம் இருந்தாங்க? பேரெல்லாம் சொல்லுங்க."

"இப்ப எதுக்கு அது?"

"சும்மா சொல்லுங்கம்மா. எழுதி வெச்சுக்கறேன்."

ரயில் பெல்ஜியத்துக்குள் போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். முப்பத்தொரு பெயர்கள்.