பாரிசவாதத்தில் அழற்சியும் குருதி உறைதலும்

பாரிசவாதம் என்பது மூளையின் குருதியோட்டம் திடீரெனக் கெடுவதால் வரும் நோய். தமிழ்நாட்டில் பக்கவாதம் என்பர். பாரிசம் என்றாலும் பக்கம்தான். பெயர் செயலிழந்த உடற்பக்கத்தைச் சுட்டினாலும் பாதிப்பு மூளையிலேயே. உலகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பாரிசவாதங்கள் நாடி அடைபடுவதாலும், எஞ்சியவை பெரும்பாலும் குருதிக்கசிவாலும் நேர்கின்றன.

அழற்சி

அடைப்பு ஒரு நொடியில் நேரலாம். அதற்கான வழி பல ஆண்டுகளாக உருவாகிறது. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல் ஆகியன நாடியின் உட்சுவரைப் புண்படுத்த, அங்கே கொலஸ்திரோல் படிகிறது. அதை அகற்றவரும் வெண்குழியங்கள் கொழுப்பை விழுங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன. அவை சுரக்கும் நொதியங்கள் படிவின் நார்மூடியை அரிக்கின்றன.

உறைதல்

மூடி கிழிந்ததும் குருதிச் சிறுதட்டுகள் அவ்விடத்தில் ஒட்டுகின்றன. துரொம்பின் என்னும் நொதியம் உருவாக்கும் பைபிரின் என்ற புரத இழைகளில் செங்குழியங்கள் சிக்க, கட்டி இறுகுகிறது. வெட்டுப்பட்ட விரலைக் காக்கும் அதே செயல் இங்கே உயிருக்கு உலை வைக்கிறது. இதயத்துடிப்பு ஒழுங்கு தவறியோருக்கு இடது சோணையில் தேங்கும் குருதி உறைந்து மூளைக்குச் செல்லலாம்.

அடைப்பின் பின்

மூளையின் பெரிய நாடியொன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிவதாக 2006 இல் கணிக்கப்பட்டது. அழியும் பகுதியைச் சூழ்ந்த இழையம் சிலகாலம் தாக்குப்பிடிக்கும். சிகிச்சை காப்பாற்ற முனைவது அதையே. ஆனால் அங்கு திரளும் வெண்குழியங்கள் நுண்குழாய்களை அடைத்து, குருதி–மூளைத் தடுப்பைச் சிதைத்து, வீக்கத்தைக் கூட்டுகின்றன. அழற்சி உறைதலைத் தூண்ட, உறைதல் அழற்சியை வளர்க்கிறது.

சிகிச்சை

சி.ரி. ஸ்கானில் கசிவு இல்லை என உறுதியான பின்னரே கட்டி கரைக்கும் அல்ரெப்ளேஸ் ஏற்றப்படும். நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலமே அதற்கான வழக்கமான எல்லை. ஸ்கானுக்கு முன் வீட்டில் அஸ்பிரின் கொடுக்கலாகாது. மீண்டும் வராமல் தடுக்க அஸ்பிரின், கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின், இதயத்துடிப்புக் கோளாறுள்ளோருக்கு உறைவெதிர் மருந்துகள் பயன்படுகின்றன. அழற்சியைத் தணிக்கும் கொல்கிசின், 2024 இல் வெளியான கொன்வின்ஸ் ஆய்வில் உறுதியான பயன் காட்டவில்லை.

யாழ்ப்பாணத்தில்

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நகரின் நடுவில் உள்ளது. நெடுந்தீவிலிருந்து அங்கு வர, முதலில் குறிகட்டுவான் துறைக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பின்னர் புங்குடுதீவு, வேலணை வழியே தரைப்பயணம். இவ்வளவும் அந்த நாலரை மணித்தியாலத்துள் அடங்க வேண்டும். 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் இயங்கும் நோயாளர் காவுவண்டிச் சேவை 2018 இல் வடக்குக்கு வந்தது. வாய் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் எண்ணெய் பூசி விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே அந்த இலக்கத்தை அழைக்க வேண்டும்.