அசுணமும் பறையும்

யாழிசையில் தன்னை மறக்கும். பறையொலி திடீரெனச் செவியில் விழுந்தால் உயிர்விடும். அசுணம் என்னும் உயிரைப் பற்றிப் பண்டையோர் கொண்டிருந்த நம்பிக்கை இது. ஈழத்துப் பூதன்தேவனார் அகநானூற்று 88ஆம் பாட்டில், வண்டொலியை யாழென மயங்கி மலைப்பிளவிலிருந்து அசுணம் செவிசாய்ப்பதைக் காட்டுகிறார்.

நற்றிணை 304இல் இது காதலுக்கு உவமையாகிறது. கூடினால் இன்பமும் பிரிந்தால் துன்பமும் தரும் தலைவன் மார்பு, அசுணத்தைக் கொல்லும் வேடர் கையை ஒத்தது என்கிறாள் தலைவி. யாழை மீட்டி அருகில் வருவித்ததும் அக்கையே, பறையறைந்து கொன்றதும் அக்கையே. ஆயினும் அப்பாட்டில் யாழும் இல்லை, பறையும் இல்லை! கேட்போர் யாவரும் அறிந்த செய்தியாதலின் கையைச் சொன்னதே போதுமாயிற்று.

அசுணம் பறவையா விலங்கா என்னும் வழக்கு நெடியது. யாழ் கேட்ட மானைப் பறையறைந்து கொல்வதைக் கலித்தொகை 143 கூறுதலின், விலங்கென்று கொள்வதே பொருந்தும். வகுப்பறையில் அதனினும் கருதத்தக்கது வேறொன்று. பறை இழிந்த ஒலி என்பதற்கு இவ்வுவமையைச் சான்றாக்குதல் பிழை. கலித்தொகை பழிப்பது அருளற்ற செயலையே, கருவியை அன்று. கருப்பொருள்களை எண்ணும் தொல்காப்பியம் பறையையும் யாழையும் ஒரே நிரலில் வைக்கிறது. அசுணம் உறைந்ததாகப் பாடப்பெற்ற அதே மலைநிலத்தில், தொண்டகப் பறைக்கு இசையக் குறவர் குரவையாடி மகிழ்ந்ததைத் திருமுருகாற்றுப்படை காட்டுகிறது.